கொசுவை ஒழிக்கக் கொசுவையே விடுவதா? கோலாலம்பூர் அடுக்குமாடி ஒன்றில் எழுந்த எதிர்ப்பு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்தில் நான்கு புளோக் கொண்ட ஒரு மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்பு. புளோக்குகளை ஏ, பி, சி, டி என்று வைத்துக்கொள்வோம். குடியிருப்பவர்களில் தமிழர்கள் அதிகம். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நகரத்துக்கு வந்தவர்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள். மலாய்க் குடும்பங்களும் வாடகைக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களும் உண்டு. அங்கே டிங்கி (டெங்கு) தடுப்புக்கான ‘கோம்பி’ தன்னார்வக் குழுவில் நான் இருந்தேன். அரசு சுகாதார அலுவலகத்துக்கும் குடியிருப்பாளர்களுக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாலும் எங்கள் குழுவின் வேலையாக இருந்தது. ஆட்களின் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

2023ஆம் ஆண்டு. கோவிட் காலத்தில் குறைந்திருந்த டிங்கி மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. 2021இல் நாடு முழுவதும் 26,365 பேருக்குத்தான் டிங்கி பதிவாகியிருந்தது. 2023 முடிந்தபோது அந்த எண் 123,133. நூறு பேர் இறந்திருந்தார்கள். எங்கள் குடியிருப்பிலும் மாதம் தவறாமல் யாராவது ஒருவர் காய்ச்சலில் படுத்தார்கள். பப்பாளி இலைச் சாறும் நண்டு சூப்பும் வீட்டுக்கு வீடு கைமாறின.

அதுவரை நாங்கள் அறிந்த ஒழிப்பு முறை பூச்சிமருந்துப் புகை அடிப்பதுதான். ஒரு வீட்டில் டிங்கி உறுதியானால் அதைச் சுற்றி 200 மீட்டருக்குப் புகை அடிப்பார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து மறுபடியும் வருவார்கள். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுறுசுறுப்பாக இருப்பது விடிகாலையும் அந்தி நேரமும் என்பதால் புகையும் அந்த நேரத்தில்தான் வரும். அடுப்பில் குழம்பு இருக்கும், சாமி விளக்கு ஏற்றியிருப்பார்கள். மிஷின் சத்தம் கேட்டதுமே எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்துவார்கள். இளைப்பு உள்ள தாத்தா, கைக்குழந்தை, மீன் தொட்டி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம். மீன் தொட்டி என்பது லேசான காரணமில்லை. அந்த மருந்து மீனுக்கு நஞ்சு. ஆனால் ஏடிஸ் ஏஜிப்டி வீட்டுக்குள்ளே, அலமாரிக்குப் பின்னால், தொங்கும் சட்டைகளின் மடிப்பில் ஒதுங்கியிருக்கும் கொசு. ஜன்னல் சாத்திய வீட்டில் புகை அதைத் தொடாது. தண்ணீரில் இருக்கும் முட்டைக்கும் புழுவுக்கும் புகையால் ஒன்றும் ஆகாது. நடைபாதையில் எண்ணெய்ப் பிசுக்குதான் மிச்சமாகும்.

இன்னொரு மனக்கசப்பும் ஏற்கெனவே இருந்தது. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின் கீழ் அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து சோதிக்கலாம். கொசுப்புழு இருந்தால் 500 ரிங்கிட் வரை கொம்பவுன் (அபராதம்) போடலாம். சி புளோக்கில் தனியாக வாழும் ஒரு அக்காவுக்குத் துளசித் தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய தண்ணீருக்காக முந்தைய ஆண்டு கொம்பவுன் விழுந்திருந்தது. அதே புளோக்கின் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லாமல் இருந்ததற்கு யாருக்கும் எதுவும் விழவில்லை. இதை எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள்.

கொண்டுவரப்பட்ட திட்டம்

தைப்பூசம் முடிந்த கையோடு, எங்கள் குடியிருப்பு வோல்பாக்கியா கொசு விடும் திட்டத்துக்குத் தேர்வாகியிருப்பதாகச் சுகாதார அலுவலகம் தெரிவித்தது. இந்த முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் பின்னால் வந்த சண்டை முழுவதும் இதன் ஒரு பகுதியைச் சொல்லாமல் விட்டதால் வந்தது.

வோல்பாக்கியா என்பது பூச்சிகளின் உடலுக்குள் வாழும் ஒரு பாக்டீரியா. 1924இல் சாதாரண சாக்கடைக் கொசுவில் முதலில் கண்டார்கள். பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதியில் அது இயல்பாகவே இருக்கிறது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் ஏஜிப்டியில் அது இயல்பாக இல்லை. அதைப் புகுத்திவிட்டால் அந்தக் கொசுவின் உடம்பில் டிங்கி கிருமி பெருகுவது கடினமாகிறது. பாக்டீரியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. பாக்டீரியா உள்ள பெண் இடும் முட்டைகள் பொரிக்கும். பிறக்கும் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் பாக்டீரியா போகும். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பழைய கொசுவின் இடத்தைப் புதிய கொசு பிடிக்கும்.

மலேசியாவின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து 2017 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆறு இடங்களில் இதைச் சோதித்தது. நம் ஊர் வெயிலைத் தாங்கும் பாக்டீரியா வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். கொசு விட்ட இடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது என்று 2019இல் முடிவை வெளியிட்டார்கள். சுகாதார அமைச்சு அதே ஆண்டு திட்டத்தை விரிவாக்கத் தொடங்கியது.

பாக்டீரியா தாய் வழியாகத்தான் பரவும் என்பதால் மலேசியாவில் ஆண் கொசுவோடு பெண் கொசுவையும் விட வேண்டும். பெண் கொசு கடிக்கும். சிங்கப்பூர் வேறு வழியில் போகிறது. அங்கே ஆண் கொசுவை மட்டும் பிரித்தெடுத்து விடுகிறார்கள். முட்டை பொரிக்காமல் கொசு எண்ணிக்கை குறையும், ஆனால் விடுவதை நிறுத்தாமல் தொடர வேண்டும். ஒரே பாக்டீரியாவை வைத்து இரண்டு நாடுகள் இரண்டு வேறு வேலைகளைச் செய்கின்றன.

முதல் கூட்டமும் அதன் பிறகு வந்த இரவும்

பொது மண்டபத்தில் விளக்கக் கூட்டம் நடந்தது. முழுவதும் மலாயில், திரையில் படங்களோடு. ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள், பாதி காலி. வேலை முடிந்து வீட்டுக்கு வராத நேரத்தில் வைத்தால் யார் வருவார்கள்? விளக்கம் தந்த இளைய அதிகாரி நல்ல எண்ணத்தோடுதான் பேசினார். கொசு ஆபத்தில்லாதது, நண்பன் மாதிரி, பயப்பட வேண்டாம் என்றார். கடிக்குமா என்று பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி கேட்டார். “ஆண் கொசு கடிக்காது பாட்டி” என்று பதில் வந்தது.

அது உண்மைதான், ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது. ஏ புளோக்கைச் சேர்ந்த ஒரு தம்பி, லோரி ஓட்டுபவர், எழுந்து நின்றார். அவருடைய அக்கா சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் இருக்கிறார். அங்கே ஆண் கொசு மட்டும்தான் விடுகிறார்கள் என்று அக்காவின் பேட்டையில் அறிவிப்பே ஒட்டியிருக்கிறார்கள், இங்கேயும் அப்படித்தானா என்று கேட்டார். அதிகாரி அடுத்த படத்துக்குப் போய்விட்டார். துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் ஆண், பெண் இரண்டும் விடப்படும் என்று ஒரு வரி சின்ன எழுத்தில் இருந்தது. அந்தத் தம்பி அதைப் படித்துவிட்டார்.

அன்று இரவே வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றியது. “அரசாங்கமே கொசு வளத்து நம்ம வீட்டுக்குள்ள வுடப் போகுதாம். கடிக்காதுன்னு பொய் சொல்றாங்க” என்று தொடங்கும். அடுத்த நாள் அதில் பெந்தோங் கதையும் சேர்ந்துகொண்டது. 2010 டிசம்பரில் பகாங்கின் பெந்தோங் அருகே ஆளில்லாத காட்டுப் பகுதியில் மரபணு மாற்றிய ஆண் ஏடிஸ் கொசுக்கள் ஏறக்குறைய 6,000 விடப்பட்டன. விட்ட செய்தி பொதுமக்களுக்கு 2011 ஜனவரி கடைசியில்தான் தெரிந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உட்பட பல அமைப்புகள் அப்போது கண்டித்தன. வோல்பாக்கியா கொசு மரபணு மாற்றியது கிடையாது. ஆனால் “சொல்லாமல் விட்டார்கள்” என்ற நினைவு இருக்கிறதே, அதற்கு இந்த வேறுபாடு எல்லாம் தெரியாது.

ஒரு வாரத்துக்குள் எதிர்ப்பு மனு தயாரானது. நான்கு புளோக்கிலும் கையெழுத்து வாங்கினார்கள். கொசு டப்பாவோடு முன்னோட்டம் பார்க்க வந்த பணியாளர்களை டி புளோக்கின் மாடிப்படியில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். கைகலப்பு எதுவும் இல்லை. ஆனால் வந்த இருவரில் ஒருவர் நடுங்கிப்போனார் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

எதிர்த்தவர்கள் யார், எதனால்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்க வேண்டும். அலுவலகத்தின் முதல் குறிப்பில் ‘புரிதல் குறைவு’ என்று ஒரே காரணம்தான் எழுதியிருந்தது. நாங்கள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டபோது அப்படித் தெரியவில்லை.

பி புளோக்கில் ஒரு தாய். மகனுக்கு முந்தைய ஆண்டு டிங்கி வந்து பொது மருத்துவமனையில் கிடந்தான். இரத்தத் தட்டணுக்கள் இறங்க இறங்க, ஒவ்வொரு பரிசோதனைத் தாளையும் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். அதை எங்களுக்குக் காட்டினார். “தம்பி, மறுபடி வந்தா மோசமாகும்னு டாக்டரே சொன்னாரு. இப்ப நீங்க கொசுவக் கொண்டாந்து வாசல்ல வுடுறேன்றீங்க” என்று எங்களோடு வந்த தமிழ்ச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டார். டாக்டர் சொன்னது சரி. டிங்கியில் நான்கு வகைக் கிருமி உண்டு. ஒரு வகை வந்தவருக்கு வேறு வகை வந்தால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அந்தத் தாய்க்குப் புரியாதது எதுவும் இல்லை.

கேள்வி கேட்ட பாட்டிக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1967இல் தீபகற்பத்தில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கி வீடு வீடாக டிடிடி பூச்சிமருந்து அடித்த காலம் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. சட்டி பானை, சாமி படம் எல்லாவற்றையும் வாசலில் எடுத்து வைப்பார்களாம். லயத்து வீட்டின் பலகைச் சுவர் காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும், கையால் தொடாதே என்று அம்மா அடிப்பாராம். “அப்பவும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னாங்க” என்றார். மலேரியா குறைந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. அந்த டிடிடியைப் பல நாடுகள் பின்னால் கைவிட்டதும் அவருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் பேசினார்.

மூன்றாவது தரப்பு தொகையில் பெரியது. அவர்களுக்கு வோல்பாக்கியா மேல் கருத்தே இல்லை. “மொத லிஃப்டுக் குழியப் பாருங்க, அப்புறம் கொசு வுடலாம்” என்றார்கள். குப்பைக் குழாய் அடைப்பு, மூடியில்லாத தொட்டி, மோட்டார்சைக்கிள் நிறுத்துமிடத்தில் உடைந்த சிமெண்டுத் தளத்தில் எந்நேரமும் தேங்கும் தண்ணீர். நிர்வாகத்துக்குப் பல முறை எழுதிப் போட்டும் நடக்காத காரியங்கள். கொம்பவுன் வாங்கிய அக்காவும் இந்தத் தரப்புதான்.

பொய்யை மட்டும் நம்பி எதிர்த்தவர்களும் இருந்தார்கள். கொசு கடித்தால் பிள்ளை பெற முடியாது என்று ஒரு பேச்சு கொஞ்ச நாள் ஓடியது. ஆனால் அப்படிப்பட்டவர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்களே. அவர்களும் மற்றவர்களின் நியாயமான கேள்விகளுக்குப் பதில் வந்ததும் பெரும்பாலும் அடங்கிவிட்டார்கள்.

நேரில் பார்த்தவை

புகார் சொன்னவர்களையே அழைத்துக்கொண்டு பூச்சியியல் பிரிவு அதிகாரியோடு கட்டடத்தைச் சுற்றினோம். அவர் ஒரு மலாய்ப் பெண்மணி. நிறையப் பேசாதவர், ஆனால் எங்கே குனிய வேண்டும் என்று தெரிந்தவர்.

டி புளோக்கின் லிஃப்டுக் குழியைத் திறக்க லிஃப்டு நிறுவனத்து ஆளை வரவழைக்க வேண்டியிருந்தது. டார்ச்சு அடித்தபோது கணுக்கால் அளவு தண்ணீர் தெரிந்தது. தெளிந்த தண்ணீர். தரைத்தளக் குழாயின் கசிவு சுவர் வழியாக அங்கே இறங்கிக்கொண்டிருந்தது. கரண்டியில் மொண்டு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினார். முதலில் ஒன்றும் இல்லை போலத்தான் இருந்தது. அதிகாரி கிண்ணத்தின் மேல் கையை நீட்டி நிழல் விழச் செய்தார். மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் எல்லாம் நெளிந்து நெளிந்து ஒரே நேரத்தில் அடிக்கு ஓடின. பார்த்துக்கொண்டிருந்த பி புளோக் தாய் வாயில் கை வைத்துக்கொண்டார். மாதிரியைச் சோதனைக்கு அனுப்பியதில் ஏடிஸ் என்று உறுதியானது.

சி புளோக் மொட்டைமாடியில் தொட்டியின் வழிவுக் குழாய் சொட்டி, சிமெண்டுத் தளத்தில் கையகலப் பள்ளங்களில் தண்ணீர் நின்றது. அதிலும் புழு. ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழை பெய்து தண்ணீர் ஏறினால் பொரித்து, ஏழு முதல் பத்து நாளில் பறக்கும். வெயிலில் காய்ந்துவிட்டது என்று விட்ட பள்ளமும் பாதுகாப்பானதில்லை.

வீடுகளில் கிடைத்ததும் உண்டு. சேவல் கூண்டின் தண்ணீர்க் கிண்ணம், பால்கனியில் கவிழ்க்காத வாளி, குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு. ஆனால் அதிகமான புழு பொது இடங்களில்தான் இருந்தது. குடியிருப்பாளர்கள் சொல்லிவந்தது சரியென்று அதிகாரி அங்கேயே ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதல் அதுவரை நடந்த எந்த விளக்கக் கூட்டத்தையும் விட அதிக வேலை செய்தது என்பது என் கணிப்பு.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

சுகாதார அலுவலகம், குடியிருப்போர் சங்கம், ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் காவல் குழு, சூராவ் எனும் தொழுகைக்கூடத்தின் குழு, கோயில் நிர்வாகம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். கொசு விடுவதை ஒத்திவைப்பது என்பது முதல் முடிவு. அலுவலகத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. வளர்த்த கொசுவை அலமாரியில் வைத்துக் காத்திருக்க முடியாது, அட்டவணை தள்ளிப்போகும் என்றார்கள். எதிர்ப்புள்ள இடத்தில் விட்டால் டப்பாக்கள் குப்பைத் தொட்டிக்குப் போகும், அப்போதும் கொசு வீண்தான் என்று வாதாடினோம். பூச்சியியல் அதிகாரி எங்கள் பக்கம் நின்றார்.

1975 சட்டத்தைக் காட்டி வேலையை முடிக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். அதை ஏற்கவில்லை. அந்தச் சட்டம் கொசுவை அழிக்க உள்ளே வரும் அதிகாரத்தைத் தருகிறது. கொசுவை வளர்த்து விடுவதற்கு ஒத்துழைப்புக் கேட்கும்போது அதைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டினால் ஒரு கதவும் திறக்காது. அந்த மாதங்களில் பொது இடங்கள் சரியாகும்வரை வீடுகளுக்குக் கொம்பவுன் போடுவதற்குப் பதிலாக எச்சரிக்கை மட்டும் தருவது என்றும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்து, சொல்லும் செய்தியை மாற்றினோம். புதிய துண்டுப்பிரசுரத்தின் முதல் வரி: பெண் கொசுவும் விடப்படும், அது கடிக்கும், முதல் சில மாதங்கள் கடி கூடலாம். அலுவலகத்தில் சிலருக்கு இது தற்கொலைக்குச் சமமாகத் தெரிந்தது. எழுதியே ஆக வேண்டும் என்று நின்றோம். லோரித் தம்பி எப்படியும் சொல்லத்தான் போகிறார், அவர் சொல்லித் தெரிவதைவிட நாமே சொல்லிவிடலாமே. சிங்கப்பூர் ஏன் வேறு என்பதையும் நான்கு வரியில் விளக்கினோம். எண் விஷயத்திலும் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நடந்த ஆய்வில் டிங்கி 77 விழுக்காடு குறைந்தது. அங்கே பயன்பட்டது வேறு பாக்டீரியா வகை, ஊரும் வேறு. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக அதை இங்கே சொல்லக் கூடாது, நம் நாட்டில் கிடைத்த 40ஐ மட்டும் சொல்வது, அதையும் “சுமார்” போட்டுச் சொல்வது.

கூட்டங்களைப் புளோக் வாரியாக, இரவு உணவுக்குப் பிறகு, கீழ்த்தளத்திலேயே வைத்தோம். தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று. பி புளோக் கூட்டத்தில் பூச்சியியல் அதிகாரி வோல்பாக்கியா கொசு இருந்த வலைக்கூண்டுக்குள் தன் கையை விட்டார். ஆய்வகத்தில் வழக்கமாகச் செய்வதுதான். கொசுக்கள் வந்து உட்கார்ந்தன. எடுத்தபோது முன்கையில் சிவப்புத் தடிப்புகள். “கடிக்கும், அரிக்கும், நான் பொய் சொல்லவில்லை” என்றார் மலாயில். யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

பொது இடங்களைச் சரிசெய்வது இவை எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனையாக இருந்தது. கசியும் குழாயை மாற்றி லிஃப்டுக் குழியை இறைத்தார்கள். தொட்டிகளுக்கு மூடி வந்தது. மொட்டைமாடிப் பள்ளங்களைக் கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுப் பணி வைத்து நாங்களே சிமெண்டால் அடைத்தோம். சிமெண்டு மூட்டையை நிர்வாகம் தந்தது. மோட்டார்சைக்கிள் நிறுத்துமிடம் மட்டும் அப்படியே கிடந்தது.

கடைசியாக, ஒவ்வொரு புளோக்கும் தனித்தனியாகச் சம்மதம் சொல்ல வேண்டும், மறுக்கும் புளோக்கில் விட மாட்டோம் என்று முடிவு செய்தோம். அப்போது இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. பின்னால் சிக்கலானதும் இதுதான்.

நடந்தது

ஏ, பி புளோக்குகள் சம்மதித்தன. பி புளோக் தாய் தன் மாடியில் டப்பா வைக்கக் கூடாது என்றார், கீழ் மாடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்படியே செய்தார்கள். சி புளோக் தொட்டிக்கு மூடி போட்ட பிறகு சேர்ந்துகொண்டது. டி புளோக் கடைசிவரை மறுத்தது. அவர்களின் காரணம் தெளிவானது. லிஃப்டுக் குழியை இத்தனை காலம் கவனிக்காமல் விட்டவர்கள், நாளை இந்தக் கொசுவால் ஏதாவது ஆனால் கவனிப்பார்கள் என்று எப்படி நம்புவது? இதற்கு எங்களிடம் பதில் இல்லை. பதில் இருப்பதாக நாங்கள் நடிக்கவும் இல்லை.

வாரம் ஒரு முறை கொசு விட்டார்கள். முதல் மாதங்களில் கடிப் புகார் வந்தது, முக்கியமாகக் கீழ் மாடிகளிலிருந்து. முன்பே சொல்லியிருந்ததால் புகார் கோபமாக மாறவில்லை. “கடிக்கும்னு சொன்னீங்க, சரி, எப்ப நிக்கும்?” என்றுதான் கேட்டார்கள். புகார் வந்த மாடியில் அடுத்த வாரம் எண்ணிக்கையைக் குறைத்தார்கள்.

ஒரு தடவை எல்லாம் கெட்டுப்போகப் பார்த்தது. பக்கத்துத் தாமான் குடியிருப்பில் டிங்கி பதிவாகி, புகை அடிக்கும் குத்தகைக்காரர் 200 மீட்டர் கணக்கில் எங்கள் ஏ புளோக்குக்கும் வந்துவிட்டார். புகை பழைய கொசு, புது கொசு என்று பார்க்காது. கொசு விட்ட மூன்றாம் நாள் அது. ஏ புளோக்குக்காரர்களே கீழே இறங்கி, இங்கே அடிக்காதீர்கள், எங்கள் கொசு செத்துவிடும் என்று தடுத்தார்கள். தடுத்தவர்களில் முதல் ஆள் அந்த லோரித் தம்பி. நோய் பதிவான இடத்தில் புகையையும் முழுக்க ஒதுக்க முடியாது என்பதால், இரு பிரிவுகளும் பேசி, அதன் பிறகு கொசு விடும் நாளோடு மோதாமல் நேரத்தை ஒழுங்குபடுத்தினார்கள். ஒரே அலுவலகத்தின் இரண்டு பிரிவுகள் அதுவரை ஏன் பேசிக்கொள்ளவில்லை என்று ஏ புளோக்கில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

தீபாவளி நெருங்கும்போது பொறிகளில் பிடிபட்ட ஏடிஸ் கொசுக்களைச் சோதித்ததில் மூன்று புளோக்குகளிலும் பெரும்பாலானவற்றில் வோல்பாக்கியா இருந்தது. டி புளோக்கிலும் இருந்தது. அங்கே ஒரு டப்பாகூட வைக்கவில்லை. கொசு பறந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் கார் நிறுத்தும் இடம் மட்டுமே உள்ளது.

இதை டி புளோக்கிடம் மறைக்கலாம் என்ற யோசனை எழுந்தது. யாருக்கும் பாதிப்பில்லை, வீணாகக் கிளற வேண்டாம் என்றார்கள். நாங்கள் சம்மதிக்கவில்லை. பூச்சியியல் அதிகாரியே போய்ச் சொன்னார். கோபம் வந்தது. மறுத்ததற்கு என்ன மதிப்பு என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி சரியானது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பறக்கும் பூச்சிக்குப் புளோக் எல்லை கிடையாது என்பது முதல் கூட்டத்துக்கு முன்பே அலுவலகத்துக்குத் தெரியும். மறுக்கும் புளோக்கில் விட மாட்டோம் என்று சொன்னது உண்மை. மறுக்கும் புளோக்குக்கு வராது என்று மக்கள் அதைப் புரிந்துகொள்வார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

டிங்கி குறைந்ததா? அடுத்த ஆண்டு தைப்பூசம்வரை எங்கள் குடியிருப்பில் காய்ச்சல் பதிவுகள் முன்பைவிடக் குறைவாக இருந்தன. அதை வோல்பாக்கியாவின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. லிஃப்டுக் குழி காய்ந்தது, தொட்டிகள் மூடப்பட்டன, மக்கள் தட்டுகளைக் கவிழ்த்தார்கள். நான்கு கட்டடம் என்பது எதையும் நிரூபிக்கப் போதாத அளவு. ஆறு இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுதான் அந்த வேலையைச் செய்யும்.

மாற வேண்டியவை

இதே திட்டம் இன்னொரு குடியிருப்புக்குப் போகும்போது, முதல் நாளே இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அலுவலகத்திடம் எழுதிக் கொடுத்தோம்: பெண் கொசு கடிக்கும், மறுப்பவர் வீட்டுக்கும் கொசு பறந்து வரும். இரண்டாவதைச் சொன்னால் சம்மதம் கேட்கும் விதமே மாறிவிடும். புளோக் புளோக்காகக் கேட்பதில் பொருளில்லை. முழுக் குடியிருப்பும் ஒன்றாகப் பேசித் தீர்மானிக்க வேண்டும், சிறுபான்மையாக மறுப்பவர்களுக்கு ஈடாக என்ன தரப்போகிறோம் என்பதும் அதே கூட்டத்தில் முடிவாக வேண்டும். எங்கள் இடத்தில் டி புளோக் கேட்டது மிகச் சின்னது: மாதாமாதம் பொறி முடிவுகளைத் தமிழிலும் மலாயிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், புகார் சொன்னால் எடுக்கும் ஒரு கைப்பேசி எண் வேண்டும். முன்பே கேட்டிருந்தால் முன்பே கொடுத்திருக்கலாம்.

கட்டடச் சோதனையைக் கொசு விடுவதற்கு முன் குடியிருப்பாளர்களோடு சேர்ந்து நடத்துவதும், பொது இடத்தில் புழு கிடைத்தால் நிர்வாகத்துக்கும் வீட்டுக்காரருக்கு உள்ள அதே சட்டம் பாய்வதும் நடைமுறையாக வேண்டும். கொசு விடும் அட்டவணை புகை அடிக்கும் குத்தகைக்காரரின் கையில் இருக்க வேண்டும்.

அறிவிப்புப் பலகையில் முடிவுகள் இப்போது ஒட்டப்படுகின்றன. டி புளோக்குக்காரர்கள் இன்னும் சம்மதக் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் பொறி வைக்க இரண்டு மாடிகளைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மோட்டார்சைக்கிள் நிறுத்துமிடத்தின் உடைந்த தளத்துக்கு மறுபடி மனுப் போட்டிருக்கிறோம். பதில் வரும்வரை வாரா வாரம் அதில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மணலைத் தூவுவது கோம்பி குழுவின் வேலை.